3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானம்

ஆத்தங்குடியின் பெரிய வீடுகளைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் வங்கக் கடலைக் கடந்து வந்தவை. சரக்குக் கொண்டு விற்கப் போன நகரத்தார் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் பழகிய கடல் அது. அதே கடலின் மேல் 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் சல்லடை போட்டுத் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. 'மர்மம்' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல் இங்கே பொருந்தாது. நாம் பழகியதெல்லாம் கடலின் மேல்பரப்போடுதான். அடித்தளம் நமக்கு இன்னும் அந்நிய நிலம்.

2024 ஜனவரியில் விடை வந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் விமானச் சிதைவுகளைப் படமெடுத்திருந்தது. தொட்டபெட்டா சிகரத்தை அப்படியே அங்கே இறக்கி வைத்தாலும் அதன் உச்சிக்கு மேல் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். வெளிச்சம் அங்கே எட்டாது. ரேடியோ அலை உப்புநீருக்குள் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். ஒலியைக் கொண்டு தடவித் தடவித்தான் தேட வேண்டும். அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை என்பதால், சிதைவுகள் அந்த ஏ.என்.-32-இனுடையவையே என்ற முடிவுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் வந்தது. ஏ.என்.-32 மறைவதற்கு ஓராண்டு முன்னதாக, 2015 ஜூனில், மூவரோடு மறைந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானத்தை நினைத்துப் பாருங்கள். அதன் ஒலிக்கருவி நீருக்கடியிலிருந்து துடித்துக்கொண்டிருந்தது. ஆழமும் ஒரு கிலோமீட்டருக்குள்தான். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது கிடைத்துவிட்டது. கடல் ஒன்றே, ஆழமும் ஒலியும்தான் வேறு. ஒன்றுக்கு ஒரு மாதம், மற்றொன்றுக்கு ஏழரை ஆண்டு!

அப்படியானால் 2014 மார்ச்சில் 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370 ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏ.என்.-32 எங்கே மறைந்தது என்பதை ராடார் ஓரளவு காட்டியது. எம்.எச். 370-க்கோ செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு கணித்த நீண்ட வளைகோடுதான் துணை. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவியும் அது அகப்படவில்லை. ஆனாலும் அதன் இறக்கைப் பகுதி ஒன்று 2015-இல் ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது. விமானம் கடலில்தான் விழுந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கப்பல்களும் விமானங்களும் மர்மமாக மறைவதாகச் சொல்லப்படும் பெர்முடா முக்கோணத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. லாரன்ஸ் குஷே என்ற அமெரிக்க நூலகர் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டு 1975-இல் நூலாக வெளியிட்டார். அமைதியான கடலில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட சில கப்பல்கள் புயலில் சிக்கியவை; ஃப்ரேயா என்ற கப்பலின் சம்பவமோ பசிபிக்கில் நடந்தது.

இடம் தெரிந்தாலும் காரணம் தெரிந்துவிடாது என்பது உண்மை, ஏ.என்.-32 ஏன் விழுந்தது என்பதை அந்தப் படங்கள் சொல்லவில்லை. ஆனால் மர்மம் என்று சொல்லிவிட்டால் தேடவேண்டிய கடமையும் அதோடு போய்விடுகிறது. உள்ளே இருந்தவர்கள் இறந்ததாகக் கருதப்படுவதாக 2016 செப்டம்பரிலேயே குடும்பங்களுக்குக் கடிதம் போனது. அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல, அந்த ஆழத்துக்கு ஒரு கலம் இறங்க வேண்டியிருந்தது.