பொறி கற்கும் கல்வி

தன் செயலின் பயன்கண்டு தானே பழகுதல் உயிர்களின் இயல்பு. இவ்வியல்பைக் கணிப்பொறிக்கும் அளிக்கும் துறையே வலுவூட்டற் கற்றல் எனப்படும். தானே ஆடித் திறம்பெறும் செக்கர்ஸ் ஆட்டப் பொறியைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஆர்தர் சாமுவேல் 1959 இல் எழுதினார்.

இம்முறையில் பொறி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பு இடும். பின்னர்க் கிடைத்த பரிசையும் அடுத்த நிலையின் மதிப்பையும் நோக்கி, முன்னிட்டதைச் சிறிது திருத்தும். நிலைகள் சிலவாயின் ஒவ்வொன்றற்கும் பட்டியலில் தனியிடம் அமைக்கலாம். அங்ஙனம் அமைத்து, எல்லா நிலைகளிலும் எல்லாச் செயல்களையும் இடைவிடாது பயின்று, திருத்தும் அளவையும் முறையாகக் குறைத்துவரின், கியூ கற்றல் என்னும் முறை உண்மை மதிப்பை அடையும் என்று வாட்கின்சும் தயானும் 1992 இல் நிறுவினர். இவ்வாறு ஒரு முடிவை அணுகி நிலைபெறுதலே ஒருங்குதல் ஆகும்.

ஆயின், சதுரங்கத்தின் நிலைகளை யாரே பட்டியலிட்டு முடிப்பார்? ஆதலின், சில எண்களைக் கொண்டே எல்லா நிலைகளின் மதிப்பையும் கணிப்பர். இது சார்புத் தோராயம் எனப்படும். இதன்கண் ஓர் இடர் உண்டு. ஒரு நிலையின் மதிப்பைத் திருத்தினால் பிறவற்றின் மதிப்பும் உடன் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். முதல் நிலையின் மதிப்பு ஓர் எண். இரண்டாவதன் மதிப்பு அதன் இருமடங்கு எனக் கொள்க. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குச் சென்று ஆட்டம் முடிகிறது. எங்கும் பரிசு இல்லை. ஆகவே உண்மை மதிப்பு இரண்டிற்கும் 0. தொடக்கத்தில் அவ்வெண் 10 ஆயின், இரண்டாவதன் மதிப்பு 20. வருங்காலப் பயனில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 18 எஞ்சும். பொறி பாதியளவு திருத்தி 10 ஐ 14 ஆக்கும். உடனே இரண்டாவது 28 ஆகிவிடும்! முதல் நிலையை மட்டுமே மீண்டும் மீண்டும் திருத்தினால், எண் 19.6 ஆகி, எல்லையின்றி வளரும். பிழையே பிழைக்கு உணவாகிறது.

இத்தகைய தீங்கை 1995 இல் லீமன் பேர்டு தெளிவாகக் காட்டினார். 1997 இல் சிட்சிக்லிஸ், வான் ராய் என்போர் இதன் மறுபுறத்தைக் காட்டினர். எண்களைப் பெருக்கிக் கூட்டும் எளிய சார்பாக இருந்து, பொறி தான் உண்மையில் நடக்கும் வழியிலேயே பயின்றால், மதிப்பீடு ஒருங்கும் என்பது அவர் முடிவு. காரணம் யாது? முதல் நிலையை அடைந்தவன் இரண்டாவதையும் அடைவான். அங்கு நேரும் திருத்தம் வளர்ந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். எனினும், அவ்வாறு அடைவது எப்போதும் உண்மையே அன்று. அச்சார்பால் எட்டக்கூடிய அண்மையே ஆகும்.

தோராயம், தன் மதிப்பைக் கொண்டே தன்னைத் திருத்தல், பிறவழிப் பயிற்சி ஆகிய மூன்றும் ஒருங்கு கூடுமிடத்தே இடர் விளையும் என்பர் அறிஞர். அவ்விடத்தும் ஒருங்கவல்ல புதிய முறைகளைச் சட்டன் முதலியோர் 2009 இல் வகுத்தனர்.

பன்முறை பயிலுதல் மட்டும் போதாது; பயிற்சி உண்மையை நோக்கிச் செல்கின்றதா என்பதை ஆராய்ந்து தெளிதலும் வேண்டும். பொறிகளின் தீர்ப்பை நம்பிப் பணிகளை ஒப்படைக்கும் இக்காலத்தில், அவ்வாராய்ச்சி மிகவும் இன்றியமையாதது.