புளித்த நிலமும் சுண்ணாம்பும்: வ. புதுப்பட்டிக் குடியானவர்கள் அறியத்தக்கவை

மலைத் தோட்டங்களுக்கும் கேரள நாட்டிற்கும் வேலையின் நிமித்தம் சென்று திரும்புவோர், அங்குள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் சுண்ணாம்பு தூவுவதைக் கண்டிருப்பர். "அங்கே விளைச்சல் பெருகுகிறதே, நம் நிலத்திலும் இட்டாலென்ன?" என்று வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்துக் குடியானவர் எவரேனும் கருதுவாராயின் அது இயல்பே. ஆனால் மலைக்கு அப்பால் மருந்தாகும் பொருள் இப்பால் பெரும்பாலும் வீண் செலவாகும். சில நிலங்களில் கேடாகவும் முடியும். காரணத்தை அறிந்தவர் ஒரு லாரிச் சுண்ணாம்பின் விலையை மீத்துக்கொள்ளலாம்.

மலையின் இருபுறத்துப் பாறையும் ஏறக்குறைய ஒரே இனத்தது. வேறுபாடு மழையினால் உண்டாயிற்று. கேரளத்தில் ஆண்டுதோறும் சராசரி 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. நமது விருதுநகர் ஜில்லாவிலோ 800 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவது. மிகுந்த மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துக்களைக் கரைத்துக் கீழே கொண்டு போய்விடுகிறது. அவை நீங்கிய இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்ள, மண் புளித்துப் போகிறது. மழை குறைந்த பக்கத்திலோ சுண்ணாம்பு வெளியேற வழியின்றி மண்ணிலேயே தங்குகிறது. நம் கரிசலைத் தோண்டினால் அகப்படும் சுக்கான்கல் அவ்வாறு தங்கிய சுண்ணாம்பேயாகும். இராமசாமிராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள் ஏற்பட்டதும் இந்த ஜில்லாவின் சுண்ணாம்புக்கல்லை நம்பியேயன்றோ?

மண்ணின் புளிப்பை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. 1909ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து இரசாயன சாஸ்திரி ஸோரன்ஸன் என்பவர் இதனை வகுத்தார். நாம் இதனைக் கார அமில எண் என்கிறோம். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ் புளிப்பு, மேல் காரம். ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்பு பத்து மடங்கு பெருகும் என்பதை மறத்தலாகாது; 5 எண் உள்ள மண் 6 எண் உள்ளதைவிடச் சிறிது புளித்ததன்று, பத்து மடங்கு புளித்தது. எண் 5.5க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. வேர் குட்டையாகித் தடித்து, ஈரம் தேடி ஆழத்திற்குச் செல்ல இயலாமற் போகிறது. நாம் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களும் குன்றுகின்றன. இந்நிலத்தில் உரத்தை மேன்மேலும் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதை ஒக்கும்.

இவ்விடத்தில்தான் சுண்ணாம்பு உதவுகிறது. அது புளிப்பை முறித்து, அலுமினியத்தைக் கரையாத பொருளாக்கி, பயிருக்குச் சுண்ணாம்புச் சத்தையும் தருகிறது. ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் மண்ணினடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது கிடக்கிறது. நீர் வடிந்து காற்றுப் பட்டவுடன் அது கந்தகத் திராவகமாக மாறுகிறது. அத்தகைய புளிப்பு நிலமுள்ள கேரளத்தில் நெல்லுக்கு எக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு இடும்படி அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது: முதல் உழவில் 350 கிலோ, ஏறத்தாழ ஒரு மாதங்கழித்து 250 கிலோ. நீலகிரியில் முட்டைக்கோசின் வேர் வீங்கி முண்டு முண்டாகும் நோய்க்கும் சுண்ணாம்பே முதற் காப்பு. ஆயினும் அதே மலையில் உருளைக்கிழங்கிற்கு மிகுதியாக இட்டால் கிழங்கின் தோல் சொறி பிடிக்கும். தேயிலையோ புளிப்பையே விரும்பும் செடி, அதற்கு 4.5 முதல் 5.5 வரை எண் இருத்தல் நலம். புளித்த நிலத்திலுங்கூடப் பயிரை நோக்கியே அளவை முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு வகைகளின் வலிமையும் ஒன்றன்று. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலையை 74 கிலோ நீற்றின சுண்ணாம்பும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் செய்துவிடும். சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்குமாதலால் காற்றடிக்கும் வேளையில் அதைத் தூவலாகாது. கல் தூள் எவ்வளவு நைஸாக அரைக்கப்பட்டதோ அவ்வளவு விரைவில் வேலை செய்யும். அமோனியம் சல்பேட்டுடன் எந்தச் சுண்ணாம்பையும் கலந்து தூவுவோர், மூக்கைத் துளைக்கும் நெடியாகத் தம் தழைச்சத்து ஆகாயத்தில் போவதை அறிவர்.

இனி நம் ஊர் நிலத்தைப் பார்ப்போம். கரிசலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, அதன்மேல் எலுமிச்சஞ்சாற்றையோ காடியையோ விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் அந்த மண்ணில் சுண்ணாம்பு வேண்டிய மட்டும் உண்டு. அதற்கு மேலும் இட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமற் போகும். நிலக்கடலையின் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகும். அத்தகைய மஞ்சளுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அன்னபேதிக் கரைசலைத் தெளிப்பதும், நெல் வயலாயின் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதுமே பரிகாரம். களர் நிலமாயின் வேண்டுவது ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து களரை உண்டாக்கும் சோடியத்தைப் பெயர்த்தெடுக்க, நல்ல நீர் தேக்கி வடித்து அதனை வெளியேற்றலாம். வடிகால் இல்லாத களருக்கு ஜிப்சம் வாங்குவதில் பயனில்லை. முதலில் வடிகால் வெட்டுக. ஜிப்சம் பெயரளவில் சுண்ணாம்பின் உறவாயினும் புளிப்பை முறிக்காது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி மயங்குவோர் பலர்.

அப்படியானால் நம் பக்கத்தில் புளித்த நிலமே இராதோ? மலையடிவாரத்துச் செவலில் சந்தேகத்திற்கு இடமுண்டு. மண் சிவந்திருப்பதால் மட்டும் அது புளித்ததாகாது. சிவப்பு இரும்பின் நிறமே. ஆனால் மணல் கலந்த இளகிய செவலில், பிளவக்கல் நீரோ கிணற்று நீரோ பாய்ச்சி, ஆண்டாண்டாக அமோனியம் சல்பேட்டையும் யூரியாவையும் மட்டும் இட்டு, தொழு உரத்தையும் மறந்துவிட்ட தென்னை, மாந்தோப்புகளில் புளிப்பு மெல்ல ஏறியிருக்கலாம். நூறு கிலோ அமோனியம் சல்பேட் விளைக்கும் புளிப்பை முறிக்க 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. யூரியாவிற்கு ஏறத்தாழ 80 கிலோ. கரிசல் இதனைத் தாங்கும், மணற்பாங்கான செவல் தாங்காது.

மணிச்சத்துக்கல் தூள், அதாவது ராக் பாஸ்பேட், வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ராஜஸ்தானத்து உதயப்பூருக்கு அருகில் ஜாமர்கோட்ராவில் வெட்டப்படும் அக்கல், புளித்த மண்ணில் தானே கரைந்து பயிருக்கு உதவும். காரக் கரிசலில் அது கல்லாகவே கிடக்கும். அங்கே சூப்பர் பாஸ்பேட்டே ஏற்றது.

ஆகவே எதையும் வாங்குமுன் மண்ணைப் பரிசோதித்தல் முறை. எண்ணை மட்டும் கேட்டால் போதாது; எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். ஏனெனில் ஒரே எண்ணுள்ள இரு நிலங்களில், களிமண்ணும் மக்கும் மிகுந்ததற்குப் பல மடங்கு சுண்ணாம்பு தேவைப்படலாம். அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும்போது, வரப்பு, மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் மண்வெட்டியால் ஆப்பு வடிவில் வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணைச் சீராகச் சுரண்டி எடுக்கவும். தோப்புகளுக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே எடுப்பது அவசியம். நிழலில் உலர்த்தி, கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கி, அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறே குறைத்துத் துணிப்பையில் கட்டவும். உரம் வந்த சாக்கை இதற்கு உபயோகிக்கலாகாது. செவலையும் கரிசலையும் ஒரே பையில் கலப்பவர் பெறும் விடை இரண்டிற்கும் பொருந்தாது.

பையினுள் வைக்கும் சீட்டில் பெயர், ஊர், சர்வே நம்பர், முன் பயிர், இனி வைக்கப்போகும் பயிர், இட்டு வந்த உரம், நீர் ஆதாரம் ஆகியவற்றை எழுதி, விவசாய இலாகாவின் மண் பரிசோதனைச் சாலைக்கு வட்டார அலுவலகத்தின் மூலம் அனுப்பலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் முன்னரே அட்டை பெற்றவர்கள் அதில் குறித்துள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளவும். எண் 6க்குக் கீழே இருப்பவர்கள் மட்டும் அந்த அட்டையுடன் வந்து சுண்ணாம்பின் அளவைக் கேட்டால் போதுமானது.