யோக்யகர்த்தாவின் கொசு முட்டைகள்

2017இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் பல வீடுகளின் கொல்லையில், நிழலான மூலையில், மூடி போட்ட சிறு பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் மீன் தீனி, கொசு முட்டைகள் ஒட்டிய ஒரு துண்டு. முட்டைகள் பொரிந்து புழுவாகி, கொசுவாகி, வாளியில் இட்டிருந்த துளைகள் வழியே பறந்து போயின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து புது முட்டைகளை வைத்துவிட்டுப் போனார்கள். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசுதான் அது. வளர்க்கச் சம்மதித்தவர்களோ, டெங்குக் காய்ச்சலில் வருஷா வருஷம் அவதிப்பட்ட ஊர்க்காரர்கள்.

அந்தக் கொசுக்களின் உயிரணுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருந்தது. 1924இல் கண்டறியப்பட்ட இது, உலகின் பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இயற்கையாகவே இருக்கிறது. ஏடிஸ் எஜிப்டியிலோ அது இயற்கையாக இருப்பதில்லை. இந்த பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் சரிவரப் பெருகுவதில்லை. வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களுக்கு இதுவும் போட்டி போடுவது ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வைரஸ் பெருகவில்லையென்றால் கொசு கடித்தாலும் காய்ச்சல் தொற்றுவது அரிது.

பழ ஈயில் இருந்த வோல்பாக்கியாவைக் கொசுவுக்குள் கொண்டுவர, ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழு பல ஆண்டுகள் போராடியது. ஏடிஸ் முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லை. இட்டவுடன் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். சற்று நேரத்தில் கறுத்துக் கெட்டியாகிவிடும். அதற்குள் நுண்ணோக்கியின் கீழே, மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்தி பாக்டீரியாவைச் செலுத்த வேண்டும். குத்துப்பட்ட முட்டைகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆயிரக்கணக்கில் குத்தி, பிழைத்தவற்றை வளர்த்து, அவற்றின் சந்ததியிலும் பாக்டீரியா நிலைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஊசி பிடித்த கைகளின் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஒருமுறை நிலைத்துவிட்டால், பரப்பும் வேலையை வோல்பாக்கியாவே பார்த்துக்கொள்கிறது. பாக்டீரியா உள்ள ஆண் கொசு, இல்லாத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை; எந்த ஆணுடன் சேர்ந்தாலும் அவள் முட்டைகள் பொரிக்கும், குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போய்ச் சேரும். தலைமுறைக்குத் தலைமுறை அவள் வம்சம் பெருகுகிறது. 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களில் விட்டுப் பார்த்தபோது இதுதான் நடந்தது. சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. அங்கே ஆண்களை மட்டும் விட்டுக் கொசுக் கூட்டத்தையே குறைக்கிறார்கள்.

ஆனால் கெய்ன்ஸ் கொசுவை அப்படியே இன்னொரு நாட்டில் விட முடியாது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ இதைக் கண்கூடாகக் காட்டியது. உள்ளூர்க் கொசுக்கள் பூச்சிமருந்துக்குப் பழகி எதிர்ப்பு பெற்றிருந்தன. விடப்பட்டவற்றுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. வீடுகளில் அடித்த மருந்தில் அவை மடிந்தன. அப்புறம் உள்ளூர்க் கொசுவோடு கலந்து வளர்த்து, எதிர்ப்பு உள்ள கொசுக்களாக விட்ட பிறகே வோல்பாக்கியா அங்கே நிலைத்தது. ஒரு நாட்டின் தோல்வி மறைக்கப்படாமல் எழுதிவைக்கப்பட்டதால், அடுத்த நாடு அதே பள்ளத்தில் விழ வேண்டியிருக்கவில்லை. நாடுகளின் ஒத்துழைப்பில் மாநாடுகளைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

யோக்யகர்த்தாவிலும் ஆஸ்திரேலிய முட்டைகள் அரசு அனுமதியோடு வந்து, உள்ளூர்க் கொசுக்களோடு கலந்தே வளர்க்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் யோக்யகர்த்தாவின் கஜா மாதா பல்கலைக்கழகமும் கைகோத்தன. இந்தோனேசியாவின் தஹிஜா அறக்கட்டளை பணம் தந்தது. ஆதி உதாரினி என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியர் முன்னின்று நடத்தினார். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த 12 பகுதிகளில் மட்டும் கொசுவை விட்டார்கள். காய்ச்சலோடு மருத்துவ நிலையங்களுக்கு வந்தவர்களைச் சோதித்துப் பார்த்ததில், கொசு விடப்பட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது. டெங்குவால் மருத்துவமனையில் சேருவது 86 சதவீதம் குறைந்தது. 2021இல் இந்த முடிவு வெளியானது. மீதிப் பன்னிரண்டு பகுதிகளுக்கும் பிற்பாடு அதே கொசுக்கள் கொடுக்கப்பட்டன.

ஏடிஸ் எஜிப்டி கொசு தானாக நெடுந்தொலைவு பறக்காது. அதன் முட்டைகள்தான் பழைய டயர்களில் ஒட்டிக் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கடல் கடக்கின்றன. வைரஸோ, காய்ச்சல் தெரியுமுன்னே விமானம் ஏறுகிறவரின் ரத்தத்தில் போகிறது. 2024இல் உலகெங்கும் பதிவான டெங்கு நோயாளிகள் 1.4 கோடிக்கும் மேல். எந்த நாடும் தன் எல்லைக்குள் மட்டும் புகை அடித்து இதைத் தடுத்துவிட முடியாது.

கொழும்பில் 2020இல் வோல்பாக்கியா உள்ள கொசுக்கள் விடப்பட்டன. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆய்வு மையமும் மோனாஷிலிருந்து முட்டைகளைப் பெற்று, புதுச்சேரிக் கொசுவோடு கலந்து வளர்த்தது. வோல்பாக்கியா உள்ள கொசுக்கள் தயார் என்று 2022இல் அறிவித்தது. அங்கே இரண்டு வகை வோல்பாக்கியாவை வளர்த்திருக்கிறார்கள். கடும் வெயிலில் பழ ஈ வகை கொசுவின் உடலில் குறைந்துபோகக்கூடும். ஆசியப் புலிக் கொசுவிலிருந்து எடுத்த மற்றொரு வகை சூட்டை மேலாகத் தாங்கும். கோலாலம்பூரில் அந்த வகையைத்தான் விட்டார்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலை நினைத்தால், புதுச்சேரி ஆய்வாளர்கள் இரண்டையும் கையில் வைத்திருப்பது பெரிய ஆறுதல்.