மதில்மேல் நின்றது பூனையா, நாமா?

மாசி மாதம் பகவதியம்மன் கோயில் கொடை நடைபெறும் பத்து நாட்களும் மண்டைக்காடு உறங்குவதில்லை. இருமுடி ஏந்தி வரும் பெண்களின் கூட்டமும், சாலையின் இருமருங்கிலும் எழும் தற்காலிகக் கடைகளும், பொங்கல் அடுப்புகளின் புகையும் ஊரை நிறைத்துவிடும். விழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். கடைக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள். ஆனால் கடைகளின் பின்புறம் கொட்டப்பட்ட மிச்சில் சோற்றை நம்பி வயிறு வளர்த்த சில உயிர்கள் அங்கேயே நின்றுவிடும். அவ்வாறு நின்றுபோன ஒரு பெண் பூனை, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மதிலின்மேல் வந்து அமர்ந்தது.

முதல் நாள் என் இளைய மகன் ஒரு சாளைத் தலையைப் போட்டான். இரண்டாம் நாள் சோறு வைத்தான். ஏழாம் நாள் அது அடுக்களை வாசலில் படுத்திருந்தது. பாட்டி மட்டும் தலையை அசைத்தார்: “பூச்சைக்கு ஒரு நாள் சோறு வச்சா, அது ஆயுசுக்கும் கணக்கு வச்சிருக்கும் மக்களே!” குமரி மாவட்டத்தார் நாவில் பூனை இன்றும் ‘பூச்சை’தான். பாற்கடல் முழுவதையும் நக்கிவிட முனைந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட கம்பர், அதனைப் ‘பூசை’ என்றே குறித்தார். பாட்டி அறியாமலே பழந்தமிழ்ச் சொல்லைப் பேசினார். அவர் சொன்ன கருத்தோ அதனினும் ஆழமானது.

அரைமனமே கொடுமை

எப்பக்கம் குதிக்கும் என்று தெரியாத நிலையை ‘மதில்மேல் பூனை’ என்கிறோம். உண்மையில் அந்த நாட்களில் முடிவு செய்ய இயலாமல் நின்றது பூனை அன்று, நாங்கள்தாம். சோறு வைத்தோம், ஆனால் எங்கள் பூனை என்று சொல்லிக்கொள்ளவில்லை. விரட்டினோம், ஆனால் மாலையில் மீன் முள்ளைப் போட்டோம்.

இந்த அரைமனம் இரக்கம்போல் தோன்றும். விளைவோ வேறு. பெண் பூனை பிறந்த நான்கு, ஐந்து திங்களிலேயே சூல்கொள்ளக் கூடியது. ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஓர் ஆண்டில் இருமுறை, மும்முறையும் ஈனும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மீண்டும் சூல்கொள்வதும் உண்டு. ஆகவே சோறு மட்டும் இட்டு வேறு பொறுப்பு எதனையும் ஏற்காத வீட்டார், ஓர் உயிரின் பசியைத் தீர்த்துவிட்டு, சில திங்களில் பல உயிர்களின் பசிக்கு வழி செய்துவிடுகிறார்கள். சோறு வைக்கும் கையே ஏதேனும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்.

கடற்கரை புகலிடமாகுமா?

“சாக்கில் போட்டுக் கடற்கரையில் விட்டுவிட்டால் போயிற்று, அங்கே மீனுக்கு என்ன பஞ்சம்?” என்றார் உறவினர் ஒருவர். நம் கரையோரச் சிற்றூர்களில் பலரும் கூறும் யோசனை இது. இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் சூன் 1 முதல் சூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் அத்தடை இல்லையெனினும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கும் காலம் அதுவே. மீன் விழாத கரையில், மீனவர் வீட்டு அடுப்பே தயங்கி எரியும் நாட்களில், சாக்கிலிருந்து விழுந்த பூனைக்கு யார் இரை இடுவார்? அங்கே ஏற்கெனவே வாழும் பூனைகளும் நாய்களும் புதிதாக வந்ததை எளிதில் ஏற்பதில்லை. பழகிய வீட்டைத் தேடித் திரும்ப நடக்க முயன்று சாலையில் மடியும் பூனைகளும் உண்டு.

சட்டமும் இதனை ஏற்கவில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ‘கொண்டுபோய் விடுதல்’ வேறு, ‘ஒருவரிடம் ஒப்படைத்தல்’ வேறு.

யாருடையது என்று கேட்போம்

வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று தீர்மானிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது உண்மையிலேயே ஆதரவற்றதா? ஒரு பூனை மூன்று வீடுகளில் மூன்று பெயர்களுடன் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எளிதில் கிழியக்கூடிய காகிதப் பட்டை ஒன்றில், “இந்தப் பூனை உங்களுடையதா?” என்று எழுதிக் கழுத்தில் தளர்வாகச் சுற்றி ஒட்டிவிட வேண்டும். நூலோ கயிறோ கூடாது. கிளையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் அவ்வாறு செய்தோம். மறுநாள் பட்டையின் மறுபுறத்தில் விடை வந்தது: “இல்லை. ஆனால் காலையில் இங்கேயும் சோறு தின்கிறது.”

எழுதியவர் மதிலுக்கு அப்புறம் வாழும் அக்காள். 1982 மார்ச்சில் இவ்வூர் கண்ட கலவரத்தின் நினைவு எங்கள் முதியோர் உள்ளத்தில் முற்றிலும் ஆறியதில்லை. கிறிஸ்துமசுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் மாற்றிக்கொண்டோம். வாசற்படியோடு பேச்சு நின்றுவிடும். அன்று முதன்முறையாக என் மனைவி அவர்கள் அடுக்களையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். பேச்சு முழுவதும் பூனையைப் பற்றியே!

வைத்துக்கொள்வதானால்

எங்கள் மூத்த மகள் அப்போது தலைப்பிரசவத்திற்காக வீட்டிற்கு வந்திருந்தாள். “சூலியிருக்கும் வீட்டில் பூனை ஆகாது” என்றனர் பலர். மருத்துவரைக் கேட்டோம். பூனையின் மலத்தின் வழியே பரவக்கூடிய ஒரு நுண்ணுயிர் கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் வெளிவந்த மலம் நோய்பரப்பும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆகவே சூலியல்லாத ஒருவர் நாள்தோறும் அதனை அகற்றிக் கைகளைச் சோப்பால் கழுவினால் அச்சம் பெரிதும் குறையும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத காய்கறியும், தோட்டத்து மண்ணும் அதே நோயைத் தரலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வெறிநோய் பற்றிய கவனம் இன்றியமையாதது. பூனைக்கு மூன்று திங்கள் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின் ஆண்டுதோறும் தொடர வேண்டும். பூனை கடித்தாலோ நகத்தால் கீறினாலோ சுண்ணாம்பும் மஞ்சளும் பூசிக் காலம் கடத்தாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் அடிக்குப் பயந்து கீறலை மறைப்பதுண்டு. மறைக்காமல் சொல்லும்படி அவர்களைப் பழக்குவோம்.

பூனைக்குப் பால்தான் உணவு என்பதும் தவறான எண்ணமே. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. மீனை வேகவைத்து, முள் நீக்கித் தருவதே நல்லது. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும். யாவற்றிலும் முதன்மையானது கருத்தடை அறுவை. அதற்கான வசதி எங்கே உண்டு என்பதை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

வளர்ப்பவரின் கடமை எவ்வளவு நீளும் என்பதற்கு அண்டை மாநில நிகழ்ச்சி ஒன்று சான்று. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, தம் மூன்று பூனைகளுக்கு உணவு வாங்கச் செல்ல அனுமதி கிடைக்காத கொச்சி நகரத்தார் ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் அனுமதி அளித்தது. சிங்கப்பூரிலோ, 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு வரை வளர்க்கலாம் என்று விதி மாறியது. உரிமம் பெறுவதும், அடையாளச் சில்லு பொருத்துவதும் கட்டாயம். அனுமதியோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இருபுறமும் நிறுத்துப் பார்க்கிறது. விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது. மனிதரின் துயர் தீர்க்க வேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவதும் தகாது என்கிறது. அளவான செலவும் அளவான அன்பும் குடும்பத்துக்குப் போதும்.

அனுப்பி வைப்பதானால்

எங்கள் முடிவைக் கடினமாக்கியது இளைய மகனின் மூச்சிரைப்பு. பூனை வீட்டினுள் படுக்கத் தொடங்கிய பின் அவனுக்கு இரவுகளில் இரைப்பு கூடியது. பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள பொருள் சிலருக்கு இத்தொல்லையைத் தரும் என்று மருத்துவர் விளக்கினார். அதைக் கொண்டுவந்தவனும் அவனே, அதனால் துன்புறுபவனும் அவனே! “நான் இருமாம இருக்கேன் அப்பா” என்று அவன் கெஞ்சியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

பிள்ளையின் மூச்சுக்கு முன் வேறெதுவும் நிற்க முடியாது. இத்தகைய காரணத்தால் அனுப்புவது கைவிடுவதாகாது. அனுப்பும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பெறுபவர் முழு மனத்துடன் கேட்டுப் பெற வேண்டும். அவ்வீட்டில் சிறு குழந்தை, நாய், கோழிக்குஞ்சு உண்டா என்று முன்னமே அறிய வேண்டும். குட்டியாயின் எட்டு வாரமேனும் தாயுடன் இருக்க வேண்டும். புதிய வீட்டில் இரண்டு, மூன்று வாரம் உள்ளேயே வைத்துப் பழக்கினால்தான் அது பழைய வீட்டைத் தேடி ஓடாது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துக் கொடுப்பது சிறப்பு.

எங்கள் பூனையை மதிலுக்கு அப்புறத்து அக்காள் ஏற்றுக்கொண்டார். “வெளியூருக்கு அனுப்பினா உங்க பிள்ளை தாங்க மாட்டான். இங்கேயே நிக்கட்டும்” என்றார். அறுவைச் செலவில் பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது. மகனுக்கு ஒரே நிபந்தனை: பார்க்கலாம், பேசலாம், தூக்கிக் கொஞ்சக் கூடாது. அவன் இரைப்பும் மெல்லத் தணிந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வாசலிலும் ஓர் உயிர் வந்து அமரலாம். ஒரு வாரத் தவணை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அக்கம்பக்கம் கேளுங்கள்; வீட்டார் அனைவரும் கூடிப் பேசுங்கள்; பிள்ளைகளையும் அப்பேச்சில் சேருங்கள். வைத்துக்கொள்வதாயின் முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள். இயலாதாயின் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குக் கொடுங்கள்.

அந்தப் பூனை இன்றும் மாலை வேளைகளில் அதே மதிலின்மேல் வந்து அமர்வதுண்டு. விளக்கேற்றும் நேரத்தில் அக்காள் குரல் கொடுத்ததும் அப்புறம் இறங்கிவிடும். அதற்கும் ஐயமில்லை, எங்களுக்கும் ஐயமில்லை.