மழையில் நனைந்த மோட்டார்சைக்கிள்: துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மோட்டார்சைக்கிளோட்டிகள் மழைக்கோட்டு இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. அந்தக் காலம் சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, மலேசியாவில் பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும்.

நாம் நனைந்தால் துவட்டிக்கொள்கிறோம். வண்டி நனைந்தால்?

"அதான் மழையே நல்லா கழுவி விட்டுருச்சே!" என்று அப்படியே நிறுத்திவிட்டுப் போவோர் பலர். சில மாதம் கழித்துப் பார்த்தால் சங்கிலி செம்பழுப்பாக மாறியிருக்கும். போல்ட்டைக் கழற்ற முடியாது.

அப்படியென்றால் மழைதான் காரணமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது.

துரு எப்படி வருகிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு வரும். தண்ணீரில் உப்பும் கலந்திருந்தால் வேகம் கூடும். துரு பிடிப்பது ஒரு மின்வேதி மாற்றம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

துரு, இரும்பை மூடிக் காப்பாற்றாது. உதிர்ந்து விழும், அடியில் இருக்கும் புது இரும்பும் அரிக்கத் தொடங்கும்.

அலுமினியம் கொஞ்சம் வேறு மாதிரி. அதன்மேல் தானாகவே ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகும். ஆனால் உப்பு அந்தப் படலத்தையும் உடைத்துவிடும். என்ஜின் மூடியில் வெள்ளைப் பொடி போலப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம்.

எவ்வளவு மழை என்பதைவிட, எவ்வளவு நேரம் ஈரம்?

மழையில் 1 மணி நேரம் ஓட்டினால் வண்டி கெட்டுவிடாது. அதே வண்டி ராத்திரி முழுக்க ஈரத்தோடு நிற்பதுதான் பிரச்சினை.

சிங்கப்பூரில் மழை இல்லாத நாளில் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காடாக இருக்கும். அதிகாலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். அந்த நேரத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. சங்கிலியின் இடுக்கு, போல்ட்டின் தலை, இருக்கைக்கு அடியில் உள்ள மூலைகள் ஆகியவற்றில் தண்ணீர் தங்கிவிடும்.

நம்ம ஊரில் உப்பு எங்கிருந்து வருகிறது?

பிரிட்டன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் பனிக்கட்டி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். அங்கே வண்டி துருப்பிடிக்க அதுதான் முக்கியக் காரணம்.

இங்கே சாலையில் உப்பு இல்லை. ஆனால் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காற்று நுண்ணிய உப்புத் துளிகளைக் கொண்டுவந்து வண்டியில் படியவைக்கும். கடற்கரையை ஒட்டி வசிப்போருக்கும், சுமார் 1 கிலோமீட்டர் நீள ஜொகூர் கடற்பாலத்தைத் தினமும் கடப்போருக்கும் இது பொருந்தும்.

படிந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் உலோகம் ஈரமாக இருக்கும்.

மழை அதைக் கழுவிவிடாதா? மேற்பகுதியைக் கழுவலாம். ஆனால் சக்கரங்கள் சாலையிலுள்ள அழுக்கையும் மணலையும் வண்டியின் அடியில் வாரி அடிக்கின்றன. புகைக்குழாயின் அடிப்பக்கம், அதிர்வுதாங்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பி போன்ற இடங்களில் அந்த அழுக்கு அப்படியே ஒட்டியிருக்கும்.

துரு பிடித்தால் அழகுதானே போகும்?

அது மட்டும் இல்லை. துருப்பிடித்த சங்கிலியின் கண்ணிகள் இறுகிவிடும். ஓடும்போது சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம். பிரேக்கின் உள்ளே நகரவேண்டிய பின்கள் துருவால் சிக்கிக்கொண்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அல்லது பிடித்தபடியே நிற்கும்.

சிங்கப்பூரில் செலவுக் கணக்கும் உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். 3 ஆண்டுக்கு மேலான மோட்டார்சைக்கிளை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். அவ்வளவு செலவு செய்து வாங்கிய வண்டி பாதியிலேயே பழுதானால் நஷ்டம்தான்.

என்ன செய்யலாம்?

1) கழுவுங்கள்: என்ஜின் சூடு ஆறியதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி அடிப்பகுதியைக் கழுவுங்கள். வீவக புளோக்கில் குழாய் வசதி இல்லையா? ஒரு வாளித் தண்ணீரும் 2 துணியும் போதும். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் சங்கிலி, சக்கரத்தின் நடுப்பகுதி, மின்கம்பிகள் ஆகியவற்றின்மேல் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும்.

2) காயவையுங்கள்: துணியால் துடைத்துவிட்டு, முடிந்தால் 5 அல்லது 10 நிமிடம் ஓட்டுங்கள். அவ்வப்போது பிரேக் பிடித்தால் பிரேக்கும் காய்ந்துவிடும். ஈரமான வண்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடவேண்டாம். ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

3) சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள்: சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், பலத்த மழையில் ஓட்டிய பிறகும் போடுவது நல்லது. சங்கிலிக்கென்றே விற்கும் எண்ணெயைச் சங்கிலியின் உள்பக்கத்தில் அடியுங்கள். முக்கியமான விஷயம்: என்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். என்ஜின் ஓடும்போது சங்கிலியைத் தொட்டால் விரலே போய்விடும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா? அந்தப் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளுக்கு 'தண்ணீரை அகற்றுவது' என்று பொருள்; 40 என்பது 40ஆவது கலவை. சங்கிலியிலுள்ள ஈரத்தை விரட்ட உதவும். ஆனால் மெல்லிய எண்ணெய் என்பதால் சீக்கிரம் போய்விடும். அதற்குமேல் சங்கிலி எண்ணெயும் தேவை.

4) பூச்சு பூசுங்கள்: பெயின்ட் உள்ள இடங்களில் மெழுகு, போல்ட்டுகளிலும் வெற்று உலோகத்திலும் துருத் தடுப்பு ஸ்பிரே. பிரேக் தட்டு, பிரேக் கட்டை, டயர், கால்மிதி ஆகியவற்றில் மட்டும் படவே கூடாது. வழுக்கும், பிரேக் பிடிக்காது.

வண்டி வெள்ளத்தில் மூழ்கினால்?

2021 டிசம்பரில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய வண்டியை "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று முயலவேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்பாகங்கள் உடையலாம். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் என்ஜின் எண்ணெய், பிரேக், சக்கர பேரிங், மின்கம்பிகள் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்ஜின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்கெனவே துரு வந்துவிட்டதா?

மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பெயின்ட் அல்லது பூச்சு பூசலாம். சங்கிலி, பிரேக், வண்டியின் சட்டகம் ஆகியவற்றில் ஆழமாக இறங்கியிருந்தால் பட்டறையில் காட்டுவதே நல்லது.

தினமும் இதெல்லாம் செய்ய நேரம் இல்லை என்கிறீர்களா? உணவு விநியோகம் செய்வோருக்கும் அதிகாலையில் எல்லை கடப்போருக்கும் அது உண்மையான சிரமம்தான். அப்படியென்றால் நிறுத்தியதும் சங்கிலியை மட்டுமாவது துணியால் துடைத்துவிடுங்கள். மீதியை வாரம் ஒருமுறை செய்தாலும் போதும்.