இரண்டு நாள் கடையடைப்பு: குடும்பத்தோடு தஞ்சைக்கு

பலசரக்குக் கடைக்காரருக்குக் கல்யாணத்தையும் சாவையும் விட்டால் வேறு விடுமுறை கிடையாது. விடியுமுன் ஷட்டரைத் தூக்கி, இரவு பத்து மணிக்கு இறக்குவதே நம் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் போன கதையைச் சொல்லும்போது நம் வீட்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. கல்லாவில் பாதி நாள் உட்காரும் வீட்டம்மா கேட்பதையே விட்டுவிட்டார்.

இரண்டு நாள் மூடினால் வாடிக்கை போய்விடுமோ என்ற பயத்தை வீண் பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். அடுத்த தெருவில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கைபேசியில் அழுத்தினால் பருப்பு வீட்டுக்கே வருகிறது. ஆகவே நாள் பார்த்துத்தான் மூட வேண்டும். சம்பளப் பட்டியல் வரும் முதல் பத்து தேதிகள் ஆகாது. பண்டிகைக்கு முந்தைய வாரமும் ஆகாது. இருபதாம் தேதிக்கு மேல் ஒரு செவ்வாய், புதன் சரியாக வரும். பால், தயிர், முட்டைக்கு முதல் நாளே நிறுத்தம் சொல்லிவிடுங்கள். கீழமாசி வீதியில் பாக்கி இருந்தால் வசூலுக்கு ஆள் வருமுன் கொடுத்துவிட்டுப் போவது மரியாதை. ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதி வைப்பதோடு, மாத வாடிக்கையாளர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போனவரை யாரும் கோபிப்பதில்லை.

மாதம் என்றால் நம் கணக்கில் ஆடி. கல்யாணச் சீட்டு வராத மாதம். மேட்டூர் திறந்திருந்தால் பெரிய கோயில் அருகே புது ஆறு கரை தொட்டு ஓடும். வைகையில் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் பயணம்! ஐப்பசி சதய விழாவும் பிரதோஷ நாட்களும் கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்க்க விரும்புவோர் தவிர்க்கலாம்.

மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். புதுக்கோட்டை வழி இன்னும் குறைவு. அதிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கோயிலுக்குள் இருக்கலாம். கல் தளம் சுட ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கோபுரம் கண்ணில் படாது. பழைய பேருந்து நிலையத்தை ஒட்டித் தங்கினால் கோயிலும் அரண்மனையும் பக்கம்.

1010-ஆம் ஆண்டில் ராஜராஜன் முடித்த கோயில் இது. விமானம் சுமார் 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; விழுகிறது, நீங்களே பார்க்கலாம். பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

வியாபாரிகளாகிய நாம் நின்று பார்க்க வேண்டியது கல்வெட்டுகளை. பிள்ளையாருக்குத் தினம் 150 வாழைப்பழம் படைக்க ஓர் ஏற்பாடு. விலை, ஒரு காசுக்கு 1,200 பழம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்து 54,000 பழம், ஆக 45 காசு. அந்த 45 காசு வட்டியாக வரும்படி 360 காசைத் தஞ்சை அங்காடி வணிகர்களிடம் முதலாகக் கொடுத்து வைத்தார்கள். வட்டி காசுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடாமல் வட்டியில் பழம்! திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று கடைவீதியின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. பொன் நிறுக்க "ஆடவல்லான்" என்ற எடைக்கல், மணிகள் நிறுக்கத் "தட்சிணமேருவிடங்கன்" என்று தனிக்கல். தராசுக்கு முத்திரை வைக்க அலைகிற நமக்கு இது புரியாமல் போகாது. எழுத்து பழையது, வழிகாட்டி ஒருவரைப் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நடை சாத்தும் மதிய வேளையில் அரண்மனைக்குப் போகலாம். நாயக்கர் கட்டி, மராட்டியர் விரித்தது. செப்புத் திருமேனிகளின் கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் அங்கேயே. விடுமுறை நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கும்பகோணம் சாலையில் தாராசுரம். பெரிய கோயில் மலைக்க வைக்கும். இது உட்கார வைக்கும். கையகலச் சிற்பங்களை பிள்ளைகள் விரலால் எண்ணுவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே பயணத்தில் திணிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், இன்னொரு ஆடிக்கு இருக்கட்டும். கும்பகோணத்தில் சாப்பிட்டு, கொழுந்து வெற்றிலை இரண்டு கவுளி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குப் புறப்பட்டால் இரவு வீடு சேரலாம். வழியிலேயே பால்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். காலையில் கடை திறக்கும்போது பால் வந்திருக்கும்.