மட்டையைத் தலைகீழாகப் பிடியுங்கள்!

வீட்டில் கிரிக்கெட் மட்டை இருக்கிறதா? கைப்பிடியைப் பிடித்து நாலு வீச்சு வீசுங்கள். பிறகு அதையே தலைகீழாகத் திருப்பி, அகலமான பக்கத்தைப் பிடித்து வீசுங்கள். (தம்பி, தங்கை, டிவி எதுவும் பக்கத்தில் இல்லையே?) இரண்டாவது தடவை மட்டை திடீரென்று இளைத்துப்போன மாதிரி இருக்கும். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. அப்படியானால் எதுதான் குறைந்தது?

இதற்கு விடை தெரிந்தவர்கள் கடைக்குப் போய் நல்ல டென்னிஸ் மட்டையைத் தாங்களே பொறுக்கி எடுத்துவிடலாம். அதை 'ராக்கெட்' என்றும் சொல்வார்கள். தமிழில் எழுதினால் விண்வெளிக்குப் போகிற ராக்கெட்டும் இதுவும் ஒன்றாகவே தெரியும். குழப்பம் வேண்டாம், நாம் மட்டை என்றே சொல்வோம்.

தூரம் செய்யும் வேலை

எந்தப் பொருளையும் சுழற்றப் போனால் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இந்த முரண்டுக்கு அறிவியலில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பெயர். பெயர் நீளம், விஷயம் சின்னது. எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு முரண்டு. அதுவும் சாதாரணமாக ஏறாது. கையிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கும் 10 கிராமை 60 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால், தூரம் 2 மடங்கு. முரண்டோ 2 x 2, அதாவது 4 மடங்கு! கிரிக்கெட் மட்டையைத் திருப்பிப் பிடித்தபோது கனமான பகுதி உங்கள் கைக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் அது லேசானது போல ஏமாற்றியது.

"அப்போ டென்னிஸ் மட்டையில் எடை முழுவதையும் கைப்பிடியிலேயே வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். வீசச் சுலபம்தான். ஆனால் பந்தும் சும்மா வருவதில்லை. 56 முதல் 59.4 கிராம் வரை எடையுள்ள பந்து வேகமாக வந்து மோதும்போது, மட்டையின் தலையில், அதாவது நரம்பு கட்டிய அகலமான பகுதியில், எடை இல்லையென்றால் தலைதான் பின்னால் தள்ளப்படும். பந்து சோம்பலாகத் திரும்பிப் போகும்.

சுத்தியலைப் பாருங்கள். எடையில் பெரும்பகுதி தலையில்தான். ஆனால் ஆணி ஓடாது, பந்து ஓடும்! ஒரு நொடி வலப்பக்கம், அடுத்த நொடி இடப்பக்கம், பிறகு தலைக்கு மேலே. அதனால் டென்னிஸ் மட்டைக்குச் சுத்தியலின் பலமும் வேண்டும், சட்டென்று திரும்பவும் வேண்டும். இரண்டும் முழுசாகக் கிடைக்காது. நடுவில் ஓர் இடம் பார்க்க வேண்டும். எல்லா அடிக்கும் ஒத்துழைக்கும் மட்டை என்பது இந்த நடு இடத்தைப் பிடித்த மட்டைதான்.

விரலே தராசு

அந்த நடுவைக் கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். மட்டையைப் படுக்கை வாக்கில் ஆள்காட்டி விரலின் மேல் வைத்து, எந்தப் பக்கமும் சாயாத இடத்தைத் தேடுங்கள். அதுதான் சமநிலைப் புள்ளி. பெரியவர்களின் மட்டை பொதுவாக 27 அங்குலம், ஏறத்தாழ 68.6 செ.மீ. நீளம். சரிபாதி 34.3 செ.மீ. சமநிலைப் புள்ளி பாதியைத் தாண்டித் தலைப் பக்கம் போனால் அது 'தலை கனத்த' மட்டை. கைப்பிடிப் பக்கம் வந்தால் 'தலை லேசான' மட்டை.

மட்டை செய்பவர்கள் இதில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கனமான மட்டை என்றால் பெரும்பாலும் தலையை லேசாக விடுவார்கள், திருப்பச் சிரமம் இருக்காது. ரொம்ப லேசான மட்டை என்றால் தலையில் கொஞ்சம் எடை கூட்டுவார்கள், அடியில் உறுதி இருக்கும்.

பெயரிலேயே தலை!

பந்து எப்போதும் மட்டையின் நட்டநடுவில் படுமா? ஓரத்தில் பட்டால் கைக்குள்ளேயே மட்டை முறுக்கிக்கொள்ளும். இந்தத் தொல்லை ஓர் அமெரிக்கருக்கும் இருந்தது. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர், ஹோவர்ட் ஹெட். ஆங்கிலத்தில் 'ஹெட்' என்றால் தலை! அவர் மட்டையின் தலையை அகலமாக்கிப் பார்த்தார்.

கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீளமான கம்பைக் குறுக்கே பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை இரண்டு பக்கமும் தள்ளி இருப்பதால் அவர் சட்டென்று சாய்வதில்லை. தலை அகலமான மட்டையும் அப்படித்தான். விளிம்பின் எடை நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போவதால் எளிதில் முறுக்காது.

அதற்கு முன்னால் இருந்த மர மட்டைகளை இப்படி அகலப்படுத்த முடியவில்லை. நரம்புகளின் இழுப்பில் மரம் கோணிக்கொள்ளும். அதனால் ஆடாத நேரத்தில் மட்டையைத் திருகு வைத்த சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள். சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது மர மட்டையோடுதான்.

ஹெட் அலுமினியத்தை எடுத்துக்கொண்டார். 1976-இல் அவருடைய பெரிய தலை மட்டை விற்பனைக்கு வந்தது. தலையின் பரப்பு 110 சதுர அங்குலம். மர மட்டைகளுக்கு 70-ஐ ஒட்டித்தான் இருந்தது. இதென்ன பூதம் என்று சிரித்தவர்கள் உண்டு. 1978-இல் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுச் சிறுமி அந்தப் பெரிய மட்டையோடு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை போனாள். சிரிப்பு அடங்கியது. இப்போதைய மட்டைகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. எல்லா விதமாகவும் ஆட விரும்பும் பெரியவர்களுக்கு 100 சதுர அங்குலத் தலை, சுமார் 300 கிராம் எடை, பாதியிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. கைப்பிடிப் பக்கம் சமநிலைப் புள்ளி உள்ள மட்டை பொருந்தும்.

உங்களுக்கு எது?

அப்பாவின் மட்டையை எடுத்து ஆட வேண்டாம். நீளம் கூடினால் முரண்டு எப்படி ஏறும் என்று பார்த்தோமே! சிறுவர்களுக்கென்றே 19, 21, 23, 25, 26 அங்குல மட்டைகள் இருக்கின்றன. நிமிர்ந்து நின்று மட்டையைப் பிடித்த கையைத் தொங்க விடுங்கள். மட்டையின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. தரையில் இடித்துக் கை மடங்கினால் அது உங்களுக்குப் பெரிது.

அடுத்து கைப்பிடி. இறுக்கிப் பிடித்தால் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும்.

எடையைப் படிக்கும்போது ஒரு கவனம். பெரியவர்களின் நல்ல மட்டைகளில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் நரம்பு கட்டாத எடை. கட்டிய பிறகு ஏறக்குறைய 15 கிராம் கூடும். அந்த 15 கிராம் எங்கே போய் உட்காருகிறது? தலையில்! அதனால் சமநிலைப் புள்ளியும் தலைப் பக்கம் கொஞ்சம் நகரும். ஆகவே நரம்பு கட்டிய மட்டையையே விரலில் வைத்துப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை டேப் போட்டு மட்டையின் உச்சியில் ஒட்டிப் பத்து முறை வீசுங்கள். பிறகு அவற்றைக் கழற்றிக் கைப்பிடியின் அடியில் ஒட்டி வீசுங்கள். இரண்டு தடவையும் அதே பத்து ரூபாய்தான். எந்தத் தடவை கை முதலில் வலித்தது?